டவ்காட் ஃபிளாட்கர்வ்: மெயில் தேடல் மக்கர் செய்தால் எங்கே கைவைப்பது என்று காட்டும் பிளகின்

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துபவர்களுக்கு வரும் புகார்களில் "மெயில் போகலை" என்பதற்கு அடுத்த இடம் "தேடினா வரலை" என்பதற்குத்தான். முதல் புகாருக்கு லாக்கைத் திறந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடக்கும். இரண்டாவதற்கு லாக்கில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் சர்வரைப் பொறுத்தவரை அது ஒழுங்காகத் தேடி, ஒன்றுமில்லை என்று ஒழுங்காகவே சொல்லியிருக்கும். டவ்காட்டில் இப்போது கிடைக்கும் தேடல் பிளகின்களில் ஃபிளாட்கர்வ்தான் நல்லது என்று நான் சொல்வதற்கு வேகம் முக்கியக் காரணம் இல்லை. வேகம் மற்றவற்றிலும் இருக்கிறது. தேடல் கெட்டுப்போனால் எந்தப் படியில் கெட்டது என்று கண்ணால் பார்க்க இதில் வழி இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மதிப்பீடு.

தெரியாதவர்களுக்கு: டவ்காட் என்பது டிமோ சிரைனன் 2002-ல் வெளியிட ஆரம்பித்த ஐமேப் சர்வர், அதாவது வந்த மெயிலை வைத்திருந்து மெயில் மென்பொருள் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது. லினக்ஸில் மெயில் சர்வர் போடும் பாதிப் பேர் வீட்டில் இதுதான் ஓடும். அதன் உடம்பில் உள்ள தேடல் மிகச் சாதாரணம், மெயிலின் உள்ளடக்கத்தில் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் ஒவ்வொரு மெயில் ஃபைலையும் திறந்து படிக்கும். சின்ன இன்பாக்ஸ் என்றால் பரவாயில்லை, பத்து வருட மெயிலை ஒரே ஃபோல்டரில் குவித்து வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகம் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால்தான் எஃப்.டி.எஸ். என்ற முழு உரைத் தேடல் பிளகின்கள். ஃபிளாட்கர்வை எழுதியவர் மைக்கேல் ஸ்லுசார்ஸ், உள்ளே வேலை செய்வது ஸாப்பியன் என்ற தேடல் லைப்ரரி. டவ்காட் 2.3 வெர்ஷன் காலத்தில் தனியாக இறக்கி நாமே கம்பைல் செய்து சேர்க்க வேண்டியிருந்தது, 2025 ஜனவரியில் வந்த 2.4-லிருந்து டவ்காட்டோடு கூடவே வருகிறது. ஸ்குவாட், லூசீன் என்ற பழைய தேடல் பிளகின்களை 2.4-ல் தூக்கிவிட்டார்கள். மெயில்கவ் என்ற ரெடிமேட் மெயில் சர்வர் தொகுப்பும் சோலர் என்ற தனித் தேடல் சர்வரை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டது.

சோலரைப் பற்றி இரண்டு வார்த்தை. அது கெட்ட மென்பொருள் இல்லை, பெரிய நிறுவனத்தில் தனி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தால் அருமையாக ஓடும். ஆனால் முப்பது மெயில்பாக்ஸ் உள்ள அலுவலகத்துக்கு ஒரு ஜாவா புராசஸ், அதற்குத் தனி மெமரி, 8983 என்று ஒரு போர்ட், அதை வெளியே தெரியாமல் மூடி வைப்பது, ஸ்கீமா ஃபைலை வெர்ஷனுக்கு வெர்ஷன் பொருத்துவது, இதெல்லாம் தேவையா? 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது சோலரும் அந்தப் பட்டியலில் இருந்தது, மெயில் சர்வருக்கு ஜாவா எதற்கு என்று பலர் அன்றைக்குத்தான் யோசித்தார்கள். ஃபிளாட்கர்வில் தனி புராசஸ் கிடையாது. மெயில்பாக்ஸ் இண்டெக்ஸ் எங்கே இருக்கிறதோ அங்கேயே 'எஃப்.டி.எஸ்.-ஃபிளாட்கர்வ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் எழுதிக்கொள்ளும். அந்த ஃபோல்டரை பேக்கப்பில் சேர்க்கக்கூட வேண்டாம், மெயில் இருந்தால் போதும், மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

சரி, புகாருக்கு வருவோம். போன் வந்தவுடன் சர்வரில் போய் இண்டெக்ஸை அழிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அதற்கு முன்னால் அவர் எதில் தேடினார் என்று கேளுங்கள். தண்டர்பேர்டின் மேல் பட்டையில் தேடினால் அது சர்வரிடம் வரவே வராது, தன் கணினியில் வைத்திருக்கும் சொந்த டேட்டாபேஸில் தேடிக்கொள்ளும். அவுட்லுக் விண்டோஸின் இண்டெக்ஸை நம்பியிருக்கிறது. பிரவுசரில் ஓடும் ரவுண்ட்கியூப் சர்வரிடம்தான் கேட்கும், ஆனால் அதன் இயல்பான அமைப்பில் தலைப்பையும் அனுப்பியவரையும் மட்டும்தான் பார்க்கும், உள்ளடக்கத்திலும் தேட வேண்டும் என்றால் தேடல் பெட்டியின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அமுக்கி டிக் போட வேண்டும். இந்த ஒரு டிக் தீர்த்துவைக்கும் புகார்களுக்கு நாம் பில் போடவும் முடியாது, போடாமல் இருக்க மனசும் வராது.

கிளையன்ட் குற்றவாளி இல்லை என்று உறுதி செய்ய டவ்அட்ம் கருவியில் 'சர்ச்' கட்டளை இருக்கிறது. யூசர் பெயர், ஃபோல்டர், தேடும் சொல் மூன்றையும் கொடுத்தால் சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடும். இங்கே வந்து அங்கே வரவில்லை என்றால் சர்வரைத் தொடாதீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு: டவ்காட்டுக்கு 'இண்டெக்ஸ்' என்ற பெயரில் இரண்டு சங்கதி இருக்கிறது. எந்த மெயில் படித்தது, எது புதிது, ஹெடர் என்ன என்று வைத்துக்கொள்ளும் சாதாரண இண்டெக்ஸ் ஒன்று, உள்ளடக்கச் சொற்களுக்கான எஃப்.டி.எஸ். இண்டெக்ஸ் இன்னொன்று. 'ஃபோர்ஸ்-ரீசிங்க்' என்ற கட்டளை முதலாவதைத்தான் சரிசெய்யும். தேடல் வரவில்லை என்று அதை ஓட்டிவிட்டு "ஒன்னும் ஆகலையே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

இனி சர்வரில்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். பழைய மெயில் எல்லாம் வருகிறது, புதிதாக வந்தவை மட்டும் முதல் தேடலில் இழுவையாக இழுக்கின்றன என்றால், பெரும்பாலும் பிளகின் ஐமேப்புக்கு மட்டும் ஏற்றப்பட்டு, மெயிலை உள்ளே இறக்கும் எல்.எம்.டி.பி. பக்கம் ஏற்றப்படாமல் இருக்கும். ஆட்டோஇண்டெக்ஸ் 'எஸ்' என்று கான்ஃபிக்கில் போட்டிருந்தாலும், மெயில் வந்து விழும் இடத்தில் பிளகின் இல்லையென்றால் யார் இண்டெக்ஸ் செய்வது? 2.3 கான்ஃபிக்கில் இன்னொரு பொறி, ஒரு புரோட்டோகாலுக்குள் பிளகின் பட்டியலை எழுதும்போது மேலே எழுதிய பொதுப் பட்டியலையும் சேர்த்து எழுத வேண்டும். மறந்தால் கீழே எழுதியது மேலே இருப்பதை அப்படியே விழுங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. 2.4-ல் பிளகின்களை ஒவ்வொன்றாக ஆம், இல்லை என்று எழுதும் முறை வந்திருக்கிறது, இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. அதற்கு விலையாக 2.3 கான்ஃபிக் எதுவும் 2.4-ல் அப்படியே ஓடாது. டெபியன் லினக்ஸ் 13-க்கு மாறுகிறவர்கள் 2.4-க்குத்தான் போய்ச் சேருவார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொண்டு மாறுங்கள்.

சிலருக்கு மட்டும் தேடல் வராது, அதுவும் பெரிய மெயில்பாக்ஸ் உள்ளவர்களுக்கு. அப்போது லாக்கில் 83 என்ற எண்ணைத் தேடுங்கள். டவ்காட்டில் அது மெமரி தீர்ந்து செத்த புராசஸின் கடைசி வார்த்தை. 2.3-ல் சர்வீஸ்களுக்கு இயல்பாக 256 எம்பி வரைதான் அனுமதி. ஐமேப்புக்கு அது தாராளம், இண்டெக்ஸ் செய்யும் வொர்க்கருக்குப் பெரிய மெயில்பாக்ஸ் வந்தால் மூச்சு முட்டும். அந்த ஒரு சர்வீஸுக்கு மட்டும் வரம்பைக் கூட்டினால் போதும், எந்த வரியைக் கூட்ட வேண்டும் என்பதை அந்த லாக் செய்தியே சொல்லிவிடுகிறது, அந்த அளவுக்கு டவ்காட்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

தேடல் வருகிறது ஆனால் ஆமை வேகம் என்பது வேறு வகை, எனக்கு அதிகம் எரிச்சல் தருவதும் இதுதான். எஃப்.டி.எஸ். தேடல் தோற்றுப்போனால் 2.3-ல் டவ்காட் இயல்பாகச் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பி எல்லா மெயிலையும் திறந்து படிக்க ஆரம்பிக்கும். நல்ல எண்ணம்தான், பயனருக்கு ஏதோ ஒரு பதில் கிடைக்கட்டும் என்று. ஆனால் இண்டெக்ஸ் செத்துக் கிடப்பதே நிர்வாகிக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் போகும், "சர்வர் ஸ்லோ" என்று ஹார்ட் டிஸ்க்கை மாற்றியவர்கள்கூட இருக்கிறார்கள். 'எஃப்.டி.எஸ். என்ஃபோர்ஸ்டு' என்ற அமைப்பை 'எஸ்' ஆக்குங்கள், தோற்றால் தோற்றது என்று பிழை காட்டும். 2.4-ல் இதே வேலைக்கு 'ரீட் ஃபால்பேக்' என்ற பெயரில் வேறு அமைப்பு, அதை அணைக்க வேண்டும். பயனர் திட்டுவார், திட்டட்டும். திட்டினால்தான் நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் ஃபிளாட்கர்வ் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. அதற்கென்று டவ்அட்ம் கருவியில் தனிக் கட்டளைகள் உண்டு. 'ஸ்டாட்ஸ்' போட்டால் அந்த ஃபோல்டரில் எத்தனை மெயில் இண்டெக்ஸ் ஆகியிருக்கிறது, கடைசியாக எந்த எண் வரை வந்திருக்கிறது என்று காட்டும், இன்பாக்ஸில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'செக்' ஸாப்பியன் ஃபைல்கள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்கும். 'டம்ப்' இண்டெக்ஸுக்குள் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று கொட்டிவிடும். கெட்டதை 'ரிமூவ்' போட்டு நீக்கிவிட்டு மறுபடி இண்டெக்ஸ் செய்ய வேண்டியதுதான். 'ரீஸ்கேன்' என்ற பொதுக் கட்டளை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை: அது இண்டெக்ஸ் செய்யாது. எது இருக்கிறது, எது இல்லை என்று சரிபார்த்து வைக்கும், அவ்வளவுதான். அதற்கப்புறம் 'இண்டெக்ஸ்' கட்டளையை நாம்தான் ஓட்ட வேண்டும், அல்லது அடுத்த தேடல் வரும்போது அது தானாக நடக்கும், அந்தப் பயனர் காத்திருந்து "டைம் அவுட்" வாங்கிக்கொள்வார். பெரிய மெயில்பாக்ஸை இரவில் வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது உத்தமம்.

இனிமேல் சொல்லப்போவதை ஆங்கில மெயில் மட்டும் புழங்கும் இடங்களில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தமிழில் மெயில் எழுதும் அலுவலகங்களுக்கு இதுதான் முக்கியமானது.

எஃப்.டி.எஸ்.-க்கு நார்மலைசர்-ஐசியூ என்று ஒரு ஃபில்டர் உண்டு. ஊரெல்லாம் காப்பியாகும் மாதிரி கான்ஃபிக்குகளில் பெரும்பாலும் அது இருக்கும். ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலையில் வரும் கோடு, புள்ளிகளை நீக்கிவிட்டு, யாரும் எப்படி டைப் செய்தாலும் கிடைக்கச் செய்வது அதன் வேலை. நீக்குவதற்கு அது பார்ப்பது யூனிகோடில் 'இடம் பிடிக்காத குறி' என்று வகைப்படுத்தப்பட்ட எல்லாவற்றையும். தமிழில் அந்த வகையில் வருபவை எவை தெரியுமா? புள்ளியும், ஈகாரக் குறியும். இகரக் குறி வேறு வகை, அது தப்பித்துவிடும். இதன் விளைவு, 'நீதி' என்று தேடினால் அது 'நதி' ஆகித்தான் இண்டெக்ஸைத் தொடும். 'கீரை' தேடினால் 'கரை' வரும். 'தீர்வு' என்ற சொல்லில் ஈகாரமும் போய், ர்-இன் புள்ளியும் போய், மிஞ்சுவது 'தரவு'! ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் தீர்வைத் தேடுகிறவருக்குத் தரவெல்லாம் வந்து நின்றால் அவர் என்ன நினைப்பார், இந்த இண்டெக்ஸ் கெட்டுவிட்டது என்றுதானே?

இண்டெக்ஸ் கெடவில்லை. எழுதும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டப்படுவதால் வர வேண்டிய மெயில் எப்படியும் வந்துவிடும், கூடவே வேண்டாத கூட்டமும் வரும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க 'டோக்கனைஸ்' என்ற கட்டளை இருக்கிறது, நான் இந்தக் கருவிப்பெட்டியிலேயே அதிகம் மதிப்பது அதைத்தான். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் ஃபில்டர் எல்லாம் தாண்டி எந்த வடிவில் அது இண்டெக்ஸுக்குப் போகிறது என்று வரிவரியாகக் காட்டும். 'நீதி' என்று கொடுத்து 'நதி' என்று திரையில் வந்தால் உங்கள் கான்ஃபிக்கிலும் இந்தச் சங்கதி இருக்கிறது என்று அர்த்தம். தீர்வு எளிது (இந்தத் தீர்வு தரவு ஆகாது): அந்த ஃபில்டருக்குப் பதிலாக 'லோயர்கேஸ்' ஃபில்டரைப் போடுங்கள், அல்லது அதன் ஐடி வரியில் குறிகளை நீக்கச் சொல்லும் துண்டை மட்டும் எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு பழைய இண்டெக்ஸை முழுக்க அழித்துப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பழைய மெயில்கள் 'நதி'யாகவே கிடக்க, நீங்கள் 'நீதி' தேடுவீர்கள், ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது நீளம். மெயிலைச் சொல் சொல்லாக உடைக்கும் டோக்கனைசர் ஒரு சொல்லை இயல்பாக 30 பைட்டில் வெட்டிவிடும். ஆங்கிலத்துக்கு 30 எழுத்து, போதும் போதும் என்று இருக்கும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு, ஆக 10 குறிகளோடு சொல் முடிந்தது. 'விண்ணப்பங்களுக்கு', 'விண்ணப்பங்களை', 'விண்ணப்பங்களில்' மூன்றும் 'விண்ணப்பங்' என்று நின்றுவிடும். இதில் ஒரு வேடிக்கை, டவ்காட்டின் எஃப்.டி.எஸ். மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, அதனால் வேற்றுமை உருபைக் கழற்றும் வேலையை யாரும் செய்வதில்லை, ஆனால் இந்த வெட்டு தற்செயலாக அந்த வேலையை ஓரளவு செய்துவிடுகிறது. மேலும் ஃபிளாட்கர்வ் இயல்பாக முன்னொட்டுத் தேடல் செய்யும், 'விண்ணப்ப' என்று அடித்தாலே அதில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். உருபு எல்லாம் பின்னால் ஒட்டும் நம் மொழிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

பொருந்தாத இடம் கூட்டுச்சொல். 'சொத்துவரி', 'வருமானவரி' என்று சேர்த்து எழுதிய மெயில்களை 'வரி' என்று தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அவை 'வரி' என்று தொடங்கவில்லை. கணக்குப் பிரிவில் இதே தொல்லை எண்களில் வரும். "சார், 457-ஆம் நம்பர் பில் மெயில்ல இருக்கு, கண்ணால பாத்தேன், தேடினா இல்லைங்குது" என்பார்கள். பில் எண் 2023/0457 என்று இருக்கும். சாய்கோட்டில் உடைந்து '2023' என்றும் '0457' என்றும் இரண்டு சொல்லாக உள்ளே போயிருக்கும், '457' என்று தொடங்கும் சொல் எதுவும் அங்கே இல்லை. சொல்லப்போனால் 2003-ல் வந்த ஐமேப் தரநிலை, ஆர்.எஃப்.சி. 3501, சொல்லின் நடுவில் இருந்தாலும் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்றே சொல்கிறது. ஃபிளாட்கர்வ் அதைத் தெரிந்தே மீறுகிறது, இன்றைக்கு மக்கள் எதிர்பார்ப்பது முன்னொட்டுத் தேடலைத்தான் என்பது அவர்கள் வாதம். ஆங்கிலத்துக்கு அந்த வாதம் நிற்கும். தமிழுக்கு, அதுவும் அரசு நடைக் கடிதங்களுக்கு, நிற்காது என்பது என் கட்சி.

'சப்ஸ்ட்ரிங் சர்ச்' என்ற அமைப்பை 'எஸ்' ஆக்கினால் நடுவில் இருப்பதும் கிடைக்கும். டிஸ்க் நன்றாகவே சாப்பிடும், முதல் முறை இண்டெக்ஸ் செய்யவும் நேரம் ஆகும். ஆக்கினால் முன் சொன்ன 30 பைட் வரம்பையும் சேர்த்துக் கூட்டுங்கள், டோக்கனைசரில் ஒன்று, ஃபிளாட்கர்வின் அதிகபட்சச் சொல் அளவில் ஒன்று என்று இரண்டு இடத்தில். கூட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'மின்கட்டணம்' நல்ல உதாரணம்: 11 குறி, 33 பைட். கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு 'மின்கட்டணம' என்று உள்ளே போகும். நீங்கள் 'கட்டணம்' என்று புள்ளியோடு தேடினால் சப்ஸ்ட்ரிங் இருந்தும் வராது. புள்ளி இல்லாமல் 'கட்டண' என்று தேடினால் வரும். இதையெல்லாம் கணக்குப் பிரிவு அக்காவுக்குப் போனில் விளக்க முடியுமா, வரம்பைக் கூட்டிவிடுவதே மேல்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இணைப்புக்குள் இருக்கும் பிடிஎஃப், வேர்டு ஃபைல்களை ஃபிளாட்கர்வ் தானாகப் படிக்காது. டிகோடர் ஸ்கிரிப்டையோ, ஃபைலிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் டிகாவையோ நாம்தான் கட்டிவிட வேண்டும், டிகா என்றால் மறுபடி ஜாவா. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதில் எதுவும் கிடைக்காது, வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். மெயில்களை டிஸ்க்கில் குறியாக்கம் செய்து வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஸாப்பியன் இண்டெக்ஸுக்குக் குறியாக்கம் கிடையாது, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தின் சொற்கள் எல்லாம் பக்கத்திலேயே திறந்து கிடக்கும். வக்கீல் அலுவலகம், மருத்துவமனை என்றால் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யாமல் இதைப் போடவே கூடாது. ஆவணங்கள் இருக்கின்றன, ஆனால் 2.3-க்கும் 2.4-க்கும் அமைப்புகளின் பெயர்கள் மாறியிருப்பதால் இணையத்தில் தேடிக் கிடைக்கும் பாதிக் குறிப்புகள் உங்கள் வெர்ஷனுக்குப் பொருந்தாது.

பெயர் மயக்கம் ஒன்றும் உண்டு, 'எஃப்.டி.எஸ்.-ஸாப்பியன்' என்று இன்னொரு பிளகின் இருக்கிறது. அடியில் அதே லைப்ரரி, ஆனால் வேறு ஆள் எழுதியது, அமைப்புகளும் கட்டளைகளும் வேறு. ஒன்றின் கான்ஃபிக்கை இன்னொன்றில் ஒட்டிவிட்டு உதவி கேட்காதீர்கள்.

காசு கிடையாது. நூறு, இருநூறு மெயில்பாக்ஸ் வரை ஒரே சர்வரில் ஓட்டுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதற்கு மாறலாம், சோலரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற பெரிய இடங்கள் அவசரப்பட வேண்டாம். தமிழ் மெயில் வரும் இடம் என்றால் முதல் இண்டெக்ஸுக்கு முன்னாலேயே மூன்றையும் முடித்துவிடுங்கள்: ஐசியூ ஃபில்டரை மாற்றுவது, நீள வரம்பைக் கூட்டுவது, சப்ஸ்ட்ரிங் வேண்டுமா வேண்டாமா என்று டிஸ்க்கைப் பார்த்து முடிவெடுப்பது. அப்புறம் மாற்றினால் எல்லாருடைய இண்டெக்ஸையும் அழித்து முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவரை புகார் போன்களை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.